மூன்றாம் பிரதி

அவள் முதலில் கால்களாக வருகிறாள்.
பிறகு புகையாக.
முகம் கிடைக்க மூன்றாம் பந்திவரை
காத்திருக்க வேண்டும்.
துப்பறிபவன் மட்டும் முதல் வரியிலேயே
முழுதாக உட்கார்ந்திருக்கிறான்:
தொப்பி, கம்பளி மேற்சட்டை, கொடுக்காத வாடகை,
இழுப்பறையில் அரைப் போத்தல்.

மேற்சட்டையாம்.
சித்திரை வெயிலில் புதுக்கடைக்கு
அதைப் போட்டுக்கொண்டு வந்து
ஒருவரைப் பின்தொடரட்டும் பார்ப்போம்.
டாம் வீதி முனை வருமுன்
வேர்வையே காட்டிக்கொடுத்துவிடும்.

வெள்ளவத்தை வாசிகசாலையில் எடுத்த புத்தகம்.
இருபத்தாறாம் பக்க ஓரத்தில்
பென்சிலில் யாரோ: அவள்தான்.
அதன் கீழே நீல மையில் இன்னொரு கை:
எப்போதும் அவள்தானா?

என் மேசை நீதிமன்றத்துக்கு எதிரே,
மாடிப்படியின் கீழ்.
ஒரு தட்டச்சு, இரண்டு கார்பன் தாள், மூன்று பிரதி.
'ஆகிய நான் சத்தியம் செய்து கூறுவதாவது.'
நாளுக்குப் பதினைந்து நான்.
காணி பறிபோன நான்,
மச்சானை அடிக்கவேயில்லாத நான்,
பிறப்புப் பத்திரத்தில் ஓர் எழுத்துப் பிழையால்
வேறொருத்தியாகிப்போன நான்.
ஒன்றும் நானில்லை.
அந்த நாவலும் நான் என்றுதான் தொடங்குகிறது.
அவனுக்கு யார் தட்டிக் கொடுத்தது,
பக்கத்துக்கு எவ்வளவு?

மழை வேறு.
அவன் ஊரில் கொலைக்கு முன்னும் பெய்கிறது,
முத்தத்துக்குப் பின்னும் பெய்கிறது.
என் கடதாசிகளில் மழை ஒரே காரியத்துக்குத்தான்:
தவணைக்கு வர முடியாமற் போனதற்கு.

நேற்று யூஜினி வந்தாள். முழு ஆளாக.
கொட்டாஞ்சேனை, வயது நாற்பத்தொன்று,
செட்டியார் தெரு அடகுக்கடையில் கணக்கெழுதியவள்.
முதலாளி பெட்டகத்தடியில் கிடந்தார்.
சாவி இவளிடம்.
பொலிஸ் குறிப்பில் உதட்டுச் சாயம்
இரண்டு இடத்தில் வருகிறது,
கத்தி ஓர் இடத்தில்.

'எனக்கு அவர புடிக்காது,' என்றாள்.
'அன்னைக்கு நான் குடை திருத்தப் போயிருந்தேன்.'
இரண்டையும் தட்டினேன்.
பிரக்கிராசியார் கண்ணாடியைத் துடைத்துப் படித்தார்:
'முதல் வசனம் வேண்டாம் பிள்ளை. குடை இருக்கட்டும்.'

நாவலிலும் யாரோ
இப்படித்தான் எடுத்திருக்க வேண்டும்.
இருநூறு பக்கம் அந்தப் பெண் பேசுகிறாள்,
பேசுவதெல்லாம் பொய்,
பொய் ஒவ்வொன்றும் மினுங்குகிறது.
தனக்கு யாரைப் பிடிக்காது என்று
ஓர் இடத்திலும் சொல்லவில்லை.

இரவு கரண்ட் போய்விட்டது.
பாணந்துறைப் பக்கம் போகும் கடைசிக் கோச்சி
வழமைபோலப் பிந்தி வந்தது.
யன்னல் பலகைகளூடாக அதன் வெளிச்சம்
கோடு கோடாய் ஓடியது
சுவரில், அலுமாரியில், என் கழுத்தில்.
ஏழு விநாடி
நானும் சந்தேகத்துக்குரியவள்.
பிறகு நுளம்பு.

கார்பனில் இது ஒரு தொல்லை:
தட்டினால் மூன்றிலும் விழும்,
அழிக்க மட்டும் ஒவ்வொன்றாக அழிக்க வேண்டும்.
காலையில் முதற் பிரதியில் அழித்தேன்,
நீதிமன்றத்துக்கு.
இரண்டாவதில் அழித்தேன், பிரக்கிராசியாருக்கு.
மூன்றாவதில் அந்த வசனம்
மங்கலாய், புகைபோல, கிடந்தது.
கையில் ரப்பர் இருந்தது.
வைத்துவிட்டேன்.

யூஜினி கையொப்பமிட்டாள்.
தன் பிரதியைப் படிக்காமலே நாலாய் மடித்துக்
கைப்பைக்குள் வைத்தாள்.
வாசலில் வெயில்.
குடையை விரித்தாள்.

ஒரு கம்பி முறிந்து தொங்கியது.
துருப்பிடித்த, பழைய முறிவு.

நான் பார்த்தேன்.
தட்டச்சில் புதுத்தாள் செருகினேன்.
'ஆகிய நான்' என்று தொடங்கினேன்,
அடுத்து நின்றவருக்காக.