நாற்பது பாகை

ஆறே கால். பதுளை ஆஸ்பத்திரிப் பின்கட்டில்
கம்பிவலை முழுக்கப் பனி.
சுவர் வெப்பமானியில் பதினாறு.
உள்ளே என் மெஷினுக்கு நாற்பது வேண்டும்.
முப்பத்தொன்பதரை ஆகாது,
நாற்பதரையும் ஆகாது.

சூட்டைத் தணிக்கிறவள் என்றுதான் என்னைச் சொல்வார்கள்.
காலையில் நான் தண்ணீரைச் சூடாக்கி
செம்பின் மேல் ஓடவிட்டு
அதன் விறைப்பு போகும்வரை
பக்கத்தில் சும்மா நிற்கிறேன்,
ஸ்வெட்டர் கைக்குள் விரல்களை இழுத்துக்கொண்டு.

சிரட்டை அளவு செம்பு அறைகள்.
லயத்துக் காம்பராக்கள் மாதிரி
ஒரே சுவரை இரண்டு பக்கமும் பங்குபோட்டு
வரிசையாய் ஒட்டிக்கிடக்கின்றன.
ஒரு காம்பராவில் இருமினால்
தொங்கல் காம்பரா வரைக்கும் கேட்குமே,
அப்படித்தான்.
நொடிக்கு முந்நூறு கோடித் தடவை
அலை அவற்றுக்குள் ஆடுகிறது.
எலெக்ட்ரானுக்குப் போகிறது கொஞ்சம்,
மீதியைச் சுவர் குடிக்கிறது.
குடித்துச் சூடேறி, ஒரு பாகைக்கு,
மீட்டருக்கு ஒரு மயிரின் கால்வாசி தடிப்பு
நீளுகிறது செம்பு.
அவ்வளவுதான் நீளம்.
அதற்கே ஐம்பதாயிரம் அதிர்வு கீழே இறங்கி
சுருதி விட்டுப்போகும்,
கதிர் மெலியும்,
பிறகு நிற்கும்.

இன்றைக்குப் பத்து நாற்பதுக்கு நின்றது.

மருதைக்குப் பதினேழாவது நாள். தொண்டை.
முகத்தில் வலையை மாட்டி மேசையோடு பூட்டியிருந்தோம்.
நாற்பத்தொன்று.
நாற்பத்தொன்றரை.
நாற்பத்திரண்டு.
நிலூஷா என்னைத் திரும்பிப் பார்க்காமலே
பொத்தானிலிருந்து கையை எடுத்தாள்.

ஓடிப்போய்த் திறந்தால்
டவுன் தண்ணீர் வரும் பக்கத்துச் சல்லடையில்
ராத்திரி மழையின் செம்மண்,
பிசைந்து வைத்த மாதிரி.
நடுவில் ஒரு கொழுந்துக் காம்பு.
எந்தத் தோட்டத்துச் சரிவோ.
பழைய பல்துலக்கியால் பக்கெட்டில் தேய்த்துக் கழுவினேன்.

தாழ்வாரத்து பெஞ்சில் மருதை,
கன்னத்தில் வலையின் கட்டம் கட்டமான தடம்.
"என்னா மிஸ், சூடு ஏறிருச்சா?"
"ஏறிட்டுது."
"எம்புட்டு?"
"நாற்பத்திரண்டு."
சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்தது.
ஹாலி-எலப் பக்கத்து ஸ்டோரில்
இருபத்தாறு வருசம் ட்ரையர் பார்த்தவர்.
"நம்ம ட்ரையர் வாய்ல இருநூறு மிஸ்.
வெளிய போற காத்தே நூத்திமுப்பது.
நாப்பத்திரண்டுல கொழுந்துக்கே குளுரும்."
அவருடையது பாரன்ஹைட்.
நான் திருத்தவில்லை.
"ரெண்டு கூடுனா பெரிய டீமேக்கர் ஏசுவாரு.
ஒங்கள யாரு ஏசுறது?"
"நீங்கதான்" என்றேன்.
யோசித்துப் பார்த்தார்.
"ஏச மாட்டேன். வலைய மட்டும் கொஞ்சம்
தளத்திப் போடச் சொல்லுங்க."
அது முடியாது.
ஒரு மில்லிமீட்டர்கூட முடியாது.
அதையும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

பதினொன்று இருபது.
நாற்பத்தொன்று. நாற்பது புள்ளி மூன்று.
அந்தப் புள்ளி மூன்று இறங்குவதற்கு
ஒரு பிளேன்டீ குடித்து முடிக்கிற நேரம்,
குடிக்காமல் நின்றேன்.
நாற்பது.
நிலூஷா கையை வைத்தாள்.
கண்ணாடித் திரையில் மருதையின் பாதங்கள்,
ஒரு காலில் மட்டும் மேசு.
அலை சுவரைத் தொட்டுத் தொட்டு ஆடியது,
தண்ணீர் பின்னாலேயே ஓடி
சூட்டைத் தூக்கிக்கொண்டு வெளியேறியது.

பதினேழு முடிந்தது.
என் நகக்கண்ணெல்லாம் சிவப்பு.
ஸ்டோர்கீப்பருக்கு இன்னொரு சல்லடை கேட்டு
கடிதம் எழுத உட்கார்ந்தபோது
தகரத்தில் முதல் துளிகள்.
'உடனடி' என்ற சொல்லின் கீழே
கோடு போட்டேன்.
இன்னொரு கோடும்.