பின்குழாய்

மெஹிகாலியில் ஜூலை.
நிழலிலேயே நாற்பத்தெட்டு.
ஸ்பானரை வெயிலில் மறந்து வைத்தால்
துணி சுற்றித்தான் எடுக்க வேண்டும்.

பதினொரு மணிக்கு வந்தது சவ வண்டி.
கறுப்பு, நீளம், ஜன்னலில் சாம்பல் திரை.
எவரிஸ்தோ இறங்கினார், டையைத் தளர்த்தாமல்.
“மூன்று கோடையாகக் கேஸ் அடிக்கிறோம், ஒப்தூலியா.
மூன்று வாரம் தாங்குகிறது. பிறகு அனல்.”

ஓட்டையைத் தேடாமல் கேஸ் அடிப்பவனை
எனக்குத் தெரியும்.
இரண்டு தெரு தள்ளிக் கடை.
என் வீட்டைவிட அவன் வீடு பெரிசு.

நீலக் குழாய், சிவப்புக் குழாய் மாட்டினேன்.
முள் சோம்பலாக எழுந்து பாதியில் உட்கார்ந்தது.
நிறமில்லை, மணமில்லை,
போகும்போது ஒரு சத்தம்கூட இல்லை அதற்கு.
கூடவே கசிகிற எண்ணெய்தான் காட்டிக்கொடுக்கும்.
சாயம் ஏற்றி, இன்ஜினை ஓடவிட்டு நிறுத்தி,
தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நுழைந்தேன்
ஊதா விளக்கோடு.

உச்சி வெயிலில் நானே செய்துகொண்ட இரவு.
கண்ணில் வியர்வை.
கண்டென்சர் சுத்தம்.
கம்ப்ரசர் கழுத்தும் சுத்தம்.
வால்வு மூடிக்குள் ஒரு செத்த பூச்சி, அவ்வளவுதான்.
மல்லாந்து ஊர்ந்து ஊர்ந்து
பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால்,
பெட்டி வைக்கும் இடத்துக்குப் போகிற குழாயின் இணைப்பில்
பச்சை.
மின்மினி ஒன்று நசுங்கினாற்போல்
ஒரு சொட்டு.

முதலாளிக்குப் போன் போட்டேன்.
தோன் ஃபுல்ஹென்சியோ மென்றுகொண்டே பேசினார்:
“அந்தக் குழாயை வெட்டி அடைத்துவிடு.
பின்னால் படுத்து வந்தவர் யாரும்
இதுவரை புகார் சொன்னதில்லை.”
சிரிப்பும் இருமலும் சேர்ந்து வந்தன.

கணக்குப்படி சரிதான்.
கேஸ் மிச்சம். முன்பக்கம் இன்னும் குளிரும்.
அடைப்பான் இழுப்பறையிலேயே இருக்கிறது.

மீதிக் கேஸைச் சிலிண்டரில் பிடித்துவைத்து
அடைப்பானோடு குனிந்தபோது
எவரிஸ்தோ டயரைப் பார்த்துச் சொன்னார்:
“போன செவ்வாய். மகன் பின்னால்,
அம்மா என் பக்கத்து இருக்கையில்.
கல்லறைக்கு நாற்பது நிமிடம்.
மருந்துக்கடை அட்டை விசிறி ஒன்று வைத்திருந்தார்.
வழி முழுக்கத் திரும்பி உட்கார்ந்து
பின்னால் விசிறிக்கொண்டே வந்தார்.
என் கழுத்திலும் கொஞ்சம் பட்டது.
அந்தக் காற்றை வைத்துக்கொண்டு
என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.”

அடைப்பான் இழுப்பறைக்குத் திரும்பியது.

பழைய ரப்பர் வளையம் நகம் பட்டதும் உதிர்ந்தது.
புதியது, குழந்தை விரலுக்குக்கூடப் பத்தாது,
பன்னிரண்டு பெசோ.
எண்ணெய் தடவி உட்கார வைத்தேன்.
மரையை முதலில் விரலால் முறுக்கி
அப்புறம்தான் ஸ்பானர்.

பம்ப் ஓடி ஓடிக் காற்றையும் ஈரத்தையும்
கடைசி மூச்சுவரை உறிஞ்சியது.
நிறுத்தினேன்.
இனி அரைமணி நேரம் முள் அசையக் கூடாது.
ஒன்றும் நடக்காமல் இருப்பதை
உட்கார்ந்து பார்ப்பதற்கும் நான் கூலி வாங்குகிறேன்.
எவரிஸ்தோ மீன் டாக்கோ வாங்கி வந்தார்.
விரல் வெட்டில் எலுமிச்சை எரிந்தது.
முள் நின்ற இடத்திலேயே நின்றது.

தராசில் வைத்துக் கிராம் கிராமாகக் கேஸ் ஏற்றினேன்.
முன்பக்கம் ஏழு டிகிரி.
பின்கதவைத் திறந்து ஏறி
உருளைகளுக்கு நடுவே மண்டியிட்டு
துவாரத்தில் வெப்பமானியைச் செருகினேன்.
பதினொன்று. ஒன்பது. எட்டரை.
இறங்க மனமில்லாமல்
இன்னொரு முறை அளப்பதுபோல் நடித்தேன்.

பில்லில் எழுதினேன்: பின்குழாய் வேலை முடிந்தது.
எப்படி முடிந்தது என்று
முதலாளி கேட்கவில்லை.

கிளம்பும்போது அவர் போன் அடித்தது.
சான் ஃபெலிப்பே சாலை, முதியவர் ஒருவர், மூன்று மணி.
எவரிஸ்தோ டையை இறுக்கினார்.
பின்பக்கத்து விசையைப் போட்டுவிட்டு
அப்புறம்தான்
கியரைத் தொட்டார்.