பதினேழு இசட்

கொக்குவில், இரவு இரண்டு மணி.
நான் எழுதிய ஷெல்
கட்டளைக்கு ஒரு பிள்ளை பெறுகிறது.
வேலை முடித்த பிள்ளையோ போகாமல்
பட்டியலில் நிற்கிறது,
பக்கத்தில் ஒரு இசட்டோடு.
பதினேழு இசட்.

கில் அடித்தேன். அசையவில்லை.
செத்ததை எப்படிக் கொல்வது?
தாய் வந்து, என்னவாம் முடிவு என்று
ஒருக்கால் கேட்டால் போதும், போய்விடும்.
பின்னணியில் ஓடவிட்ட பிள்ளைகளை
நான்தான் கேட்காமல் விட்டிருக்கிறேன்.

"லைற் எரியுது, படுக்கேல்லையோ?"
வீட்டுக்காரப் பரிமளம் அன்ரி.
விடிய கச்சேரிக்குப் போகவேணுமாம்,
அதே படிவம், பதினாறாம் வருஷம்.
மகன்ரை பெயருக்கு நேரே
அவங்கள் இன்னும் ஒன்றும் எழுதேல்லை.

வெயிட்பிட்,
சுழலுக்குள், மறிபடாமல்.
பட்டியல் வெறுமை.

சரிவந்திட்டுது என்று
யதுசனுக்கு எழுதி, அழித்து,
படுக்கிறன் என்று மட்டும் அனுப்பினேன்.