பதினொரு ஒன்றுகள்

கணப்புக்கு நிலக்கரி போடுகிறவன் நான்.
லியெபாயா துறைமுகம்,
கப்பல் காப்பீட்டு அலுவலகத்தின் இரண்டாம் மாடி.
எனக்குத் தெரிந்தது வாளிக் கணக்கு:
இரவுக்கு நான்கு, காற்றடித்தால் ஐந்து.

எல்லோரும் போன பிறகும் ஒட்டீலியா போகமாட்டாள்.
கணக்கெந்திரத்தின் சன்னல்களில்
ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக
பதினொன்றை நிறுத்துவாள்.
ஒருமுறை மூச்சு விடாமல் வாசித்தும் காட்டினாள்:
ஆயிரத்து நூற்றுப் பதினொரு கோடியே
பதினோரு லட்சத்துப்
பதினோராயிரத்து நூற்றுப் பதினொன்று.

ரொட்டிக்கடை வரிசை மாதிரி இருக்கிறதே என்றேன்.
“இதற்குள் இரண்டு பேர் ஒளிந்திருக்கலாம்.
ஒருவருமே இல்லாமலும் இருக்கலாம்.”

கைப்பிடி சுற்றும். கழிக்கும். கழிக்கும்.
அளவு மீறினால் உள்ளே ஒரு சிறு மணி.
ஒரு சுற்று பின்னால் வந்து,
ஓர் இடம் நகர்த்தி, மறுபடி.

இருபத்துமூன்றால்: மீதி பத்து.
அறுபத்தேழால்: பதினெட்டு.
எண்பத்தொன்பதால் ஆறு.
அன்றைக்கு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.
ஆறு என்றால் கிட்டத்தில் வந்துவிட்டோம் என்று
நானும் வாளியைக் கீழே வைத்தேன்.
வகுத்தலில் கிட்டம் என்று ஒன்று கிடையாதாம்.

ஏழு, பதின்மூன்று எல்லாம்?
“இருபத்திரண்டால் வகுத்தால்
ஒன்று மிஞ்சுகிற பகா எண்தான்
இந்த வாசலில் நுழையும்.”
ஏன் என்று கேட்டேன். சொன்னாள்.
நிலக்கரி அள்ளப் போய்விட்டேன்.

இருநூற்றுச் சொச்சம் பேர் வந்தார்கள், போனார்கள்.
பிப்ரவரியில் ஐந்தாவது வாளி இரவு ஒன்றில்
இருபத்தோராயிரத்து அறுநூற்று நாற்பத்தொன்பது.
ஐந்து இடங்களில் மணி அடித்தது.
ஆறாவது இடத்தில்
ஒன்பது சுற்று, மணி இல்லை.
சன்னலுக்குச் சன்னல் பூஜ்யம்.
வரிசை கலைந்து, வாசல் மட்டும் நின்றது.

கூட ஒளிந்திருந்தவர்:
ஐந்து லட்சத்துப் பதின்மூவாயிரத்து
இருநூற்று முப்பத்தொன்பது.
அதையும் உடைக்க வேண்டாமா?
“அதற்குள் போகக்கூடிய சின்னவர்கள் எல்லாரும்
ஏற்கனவே இங்கே தட்டிப் பார்த்துத் தோற்றவர்கள்.”

பிறகு, சும்மா, ஒன்றை அந்தச் சிறிய எண்ணால் வகுத்தாள்.
புள்ளிக்குப் பிறகு நான்கு பூஜ்யம்,
4619151,
மறுபடி நான்கு பூஜ்யம்,
மறுபடி 4619151.
பதினொரு படிக்கு ஒருமுறை அதே தளம்.
இதை அவள் எனக்குச் சொல்லவில்லை,
காகிதத்தைக் கணப்பருகே மறந்துவிட்டுப் போனாள்.
எரிக்க மனம் வரவில்லை.

காலையில் சணல் ஏற்றிய கப்பல் ஒன்று மூழ்கிய தாக்கல்.
அதே எந்திரம், அதே மணி.
அன்றிரவு பன்னிரண்டாவது ஒன்றைச் சேர்த்தாள்.
மூன்றாலேயே போயிற்று, சிரித்துவிட்டாள்.
பதின்மூன்றாவது
ஐம்பத்துமூன்றுக்குச் சரிந்தது.
ஒரு வாளிகூடத் தாங்கவில்லை.

பதினான்காவதுக்கு
எந்திரத்தில் சன்னல் இல்லை.
கோட்டைப் போட்டுக்கொண்டாள்,
கழற்றினாள்.
காகிதம் இருக்கிறதா என்றாள்.