பன்னிரண்டாம் கட்டம்

ஸினோவி எப்படி இறந்தான் என்று எனக்குத் தெரியும்.
தார்த்து மருத்துவமனையின் கீழ்த்தளத்தில்
படிவத்தின் பன்னிரண்டாம் கட்டத்தைத்
தட்டியவை இந்த விரல்கள்தாம்.
ஒன்பது சொற்கள். அதில் இரண்டு லத்தீன்.
நாலு மணிப் பேருந்தில் ஊர் திரும்பினேன்,
கையுறையைக் கழற்றாமல்.

எங்கள் ஊர் ஒரே தெரு,
பெய்ப்சி ஏரியை ஒட்டி ஏழு கிலோமீட்டர்.
ஒரு கோடியில் தும்மினால்
மறுகோடியில் சளிக்கு மருந்து சொல்வார்கள்.

நவம்பரில் காணாமல் போனான்.
நாணல் ஓரம் சைக்கிள் மட்டும் நின்றது,
ஸ்டாண்ட் போட்டு, பூட்டாமல்.
அந்த ஸ்டாண்டை வைத்தே குளிர்காலத்தை ஓட்டினோம்.
திரும்பி வருகிறவன்தான் ஸ்டாண்ட் போடுவான்
என்றாள் கடைக்கார மாவ்ரா.
திரும்பி வருகிறவன் பூட்டியிருப்பான்
என்றான் பேருந்து ஓட்டும் எஸ்டோனியக்காரன்.
வெங்காயம் விற்ற பணம் இடுப்பில் இருந்ததாம்.
பணமா, கடன்தான் என்றார்கள்.
ரீகாவில் ஒருத்தி.
அக்கரை ரஷ்யா, ஆகவே ஒரு தோட்டா, ஒரு மூடிய கோப்பு.
குடி.
நெஞ்சில் ஏதோ கட்டி, அவனுக்கே சொல்லவில்லையாம்.
புகையில் வாட்டிய மீனில் முள் எடுப்பதுபோல்
ஆளாளுக்கு அவனை விரலால் பிரித்தார்கள்.
மறைப்பானேன், நானும்தான்.
நான் ரீகா கட்சி.

ஏப்ரலில் பனிப்பாளம் உடைந்து
வேலி உயரத்துக்குக் கரையேறியது.
அவனும் வந்தான்.

குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால்
காரணம் வெளியிடப்படாது என்றது காவல்துறை.
குடும்பம் என்றால் தங்கை உஸ்தீன்யா ஒருத்திதான்.
ஊருக்குப் பொறுக்கவில்லை.
எங்கள் படகு, எங்கள் டீசல்,
பனியில் நாங்கள் வெட்டிய நாற்பது துளைகள்,
விரல் நுனி கறுத்துப்போன என் மைத்துனன்:
தேடத் தெரிந்தவர்களுக்குத் தெரிந்துகொள்ள உரிமை இல்லையா?
அந்தக் கேள்விக்கு
இன்றுவரை என்னிடம் நல்ல பதில் இல்லை.

ஜெபக்கூடத்தை நடத்தும் யெவ்திகீ போனார்.
அவர் வம்புக்குப் போகவில்லை.
தன் கையால் போனவனுக்குப் பாடக்கூடாது என்பது
பழைய விசுவாசிகளின் பழைய சட்டம்.
பாடுவதா வேண்டாமா என்பது மட்டும் தெரிந்தால் போதும் என்றாராம்.
உஸ்தீன்யா அடுப்படியில் விதைவெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.
"முப்பது வருஷம் வலது வரிசையில் நின்று
உங்கள் காதருகே பாடினான்.
அதை வைத்து முடிவு செய்யுங்கள்" என்றாள்.
கிழவர் தொப்பியை மறந்துவிட்டு வெளியேறினார்.
எடுக்கத் திரும்பவும் போனார்.
அப்போதும் கேட்கவில்லை.

அதன்பிறகுதான் ஊரின் கண்
என் கால்களுக்கு வந்தது.
அவளுக்குத் தெரியும், தட்டச்சு செய்தவள் அவள்தானே,
சடங்கன்று அவள் உள்ளே போகிறாளா பார்ப்போம்.
உள்ளே போனால் ஒரு மரணம்.
வெளியே நின்றால் இன்னொன்று.
வேலைக்குப் போய்விட்டால், ஐயோ, அதைவிட மோசமான ஒன்று.
என் மௌனத்துக்குப் பூட்டுப் போட்டிருந்தேன்,
பாதங்களுக்குப் போட மறந்துவிட்டேன்.
காய்ச்சல் வராதா என்று மூன்று இரவு வேண்டினேன்.
வரவில்லை.

நீங்களும்கூட
இவ்வளவு தூரம் என்னோடு வந்தது
அந்த ஒன்பது சொற்களுக்காகத்தான் என்றால்
மன்னியுங்கள், பேருந்து இங்கேயே திரும்பிவிடும்.

போனேன்.
ஆனால் முதலிலேயே, யாரும் வருவதற்கு முன்,
மெழுகுவர்த்தி ஏற்றுவதற்கும் முன்,
இருட்டில் போய் உட்கார்ந்துவிட்டேன்.
நான் நுழைந்ததை யாரும் பார்க்கவில்லை.
பாதிப்பேர் வேலிக்கு வெளியேதான் நின்றார்கள்.
யெவ்திகீ பாடினார்.
வலது வரிசையில் ஒரு குரல் குறைந்தது.
அந்த இடம் வரும்போதெல்லாம்
மற்றவர்கள் தடுமாறி மீண்டும் பிடித்தார்கள்.
சவப்பெட்டியோடு போகும்போது உஸ்தீன்யா
என்னைப் பார்த்தாள், பார்க்காமலும் இருந்தாள்.
எங்கள் இருவருக்குள்ளும் அவ்வளவுதான், இனியும்.

மறுவாரம் மாவ்ரா சொன்னாள்:
விடிவதற்கு முன்பே போய் உட்கார்ந்தாளாம்,
அப்படியானால் விஷயம்...

உஸ்தீன்யா இப்போது
அந்தச் சைக்கிளில்தான் கடைக்கு வருகிறாள்.
ஸ்டாண்ட் போடுகிறாள்.
குனிந்து, நிதானமாக, பூட்டுகிறாள்.
உப்பும் தீப்பெட்டியும் வாங்குகிறாள்.
சில்லறையை எண்ணுவதுபோல்
மாவ்ரா அவள் முகத்தையே எண்ணுகிறாள்.