அட்டையில் இல்லாத மோட்டார்

வியாழன் மதியம். அயனாவரம். மூன்றாம் மாடி.
ஏசி ஒழுகி ஒழுகி
ஒரு பெயிண்ட் வாளி நிரம்பிக்கொண்டிருந்தது.
அரைவட்டமாய்ப் பதினோரு பேர், நடுவில் இரண்டு நாற்காலி.
ஒன்றில் நான், சிகிச்சையாளர், இஸ்திரி போட்ட முழுக்கை.
எதிரில் பிரிசில்லா. அவள் கையில் கொடுத்த அட்டையில்
வசுமதி, வயது நாற்பத்திரண்டு, தையல் கம்பெனி,
இரண்டு வாரமாய் உறக்கமில்லை, பசியில்லை,
எதிலும் நாட்டமில்லை.

எந்த வசுமதி 'நாட்டம்' என்று சொல்வாள்?
சிரித்தோம். அவளும்தான்.
பிறகு துப்பட்டாவைத் தோளில் சரிசெய்துகொண்டு
வசுமதி ஆனாள்.

"ஒண்ணுமில்ல சார். நெஞ்சு மேல ஈரத்துணி போட்ட மாதிரி."
குறித்தேன்: தாழ்ந்த மனநிலை.
"மூணு மணிக்கு முழிப்பு வந்துரும்.
போய் மோட்டார் போடுவேன்.
தொட்டி ரொம்பி, பைப்புல வழிஞ்சு, சந்துல கொட்டும்.
அந்தச் சத்தம் கேட்டா
வீட்ல யாரோ இருக்காங்கன்னு தோணும்."
குறித்தேன்: விடியுமுன் விழிப்பு.
ஒன்பதில் ஐந்து தேறினால் பெயர் வைத்துவிடலாம்.
எனக்கு ஆறு தேறிவிட்டது.
கல்லாவைக் கட்டும்போது கணக்கு இடிக்காத
மளிகைக்கடைக்காரனின் நிம்மதி.

அவள் நிறுத்தினாள்.
வாளியில் ஒரு சொட்டு.
மேடவாக்கம் டேங்க் ரோட்டில் யாரோ
ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.
இன்னொரு சொட்டு.
"பசி எப்படி இருக்கு?" என்றேன்.

கண் பார்த்துப் பேசினாய், நன்று. குரல் நன்று.
ஒருத்தி ஸ்டாப்வாட்ச் வைத்திருந்தாள்:
"பதினாலு நொடிதான் தாங்கினே.
அங்கதான் அவ எதையோ சொல்ல வந்தா."
பிரிசில்லாவுக்குக் கைதட்டல்,
இவ்வளவு தத்ரூபமாய் யாரும் செய்ததில்லையாம்.

பாத்திரத்தைக் கழற்றிவைக்க எங்களுக்கு ஒரு முறை உண்டு.
நாற்காலி மாறி உட்கார வேண்டும்.
சொந்தப் பெயர், சொந்த ஊர், காலையில் சாப்பிட்டது,
மூன்றையும் உரக்கச் சொல்ல வேண்டும்.
"நான் வசுமதி இல்ல. பிரிசில்லா.
காசிமேடு.
காலையில..."

"காலையில..."

"வஞ்சிரம் வறுவல்!" என்றான் பின்னாலிருந்து ஒருத்தன்.
அறை சிரித்து முடிப்பதற்குள்
அடுத்த ஜோடி நாற்காலிக்கு வந்துவிட்டது.

அவள் விட்டுப்போன அட்டையை எடுத்துப் படித்தேன்.
தையல் இருந்தது. உறக்கம் இருந்தது.
பின்பக்கமும் திருப்பிப் பார்த்தேன்.
மோட்டார் இல்லை.

பஸ் ஸ்டாப்பில் நின்றோம்.
காலண்டர் அட்டை போட்டு பைண்ட் செய்த
ஜெராக்ஸ் நோய்ப்பட்டியல்
என் பையில் செங்கல்லாய் இழுத்தது.
நண்பருக்கு நாம் சிகிச்சையாளர் ஆகக் கூடாது:
அலகு நான்கு, ஐந்து மதிப்பெண் கேள்வி.
ஐந்துக்கு ஐந்து வாங்கியவன் நான்.
எதை எப்போது எந்தக் குரலில் கேட்பதென்று
எல்லாம் தெரிந்த வாய்
"உங்க வீட்டு மோட்டார் எத்தனை ஹெச்பி?" என்றது.

பஸ் வருகிற திசையையே பார்த்தாள்.
இரண்டு ஷேர் ஆட்டோக்கள் எங்களைக் கூவி அழைத்துப் பார்த்துவிட்டுப் போயின.
"அரை," என்றாள்.
"அப்பா வாங்கிப் போட்டது.
தண்ணி வழிஞ்சா அவருதான் கத்துவாரு,
எவ போட்டது, எழுந்து அணைக்க மாட்டாளான்னு."
பஸ் வந்தது. ஏறிவிட்டாள்.
நான் குறித்துக்கொள்ள ஒன்றுமில்லை.

வெள்ளி, விடியற்காலை மூணு பத்து.
திரையில் அவள் பெயர். பேச்சில்லை.
தண்ணீர் மட்டும்
எங்கேயோ காசிமேட்டுச் சந்தில் கொட்டுகிற சத்தம்.
கொசுவலைக்குள் சம்மணமிட்டு உட்கார்ந்தேன்.
பத்து. பதிமூன்று. பதினாலு.
அதற்குமேல் எண்ணவில்லை.
விடிந்ததும் யாரிடம் கூட்டிப்போவது என்று தெரியும்,
நம்பர்கூட இருக்கிறது.
கேட்டே ஆகவேண்டிய அந்த ஒரு கேள்வியும்
தொண்டையில்தான் இருக்கிறது, கேட்பேன்.
இப்போது தண்ணீர் பேசிக்கொண்டிருக்கிறது.

"இரு," என்றாள் ஒருவழியாக.
"மோட்டார அணைச்சிட்டு வரேன்.
வெச்சிராதே."