காலாண்டு அறிக்கை

படிவத்தில் ஏழாவது கேள்வி:
தீர்க்கப்பட்ட மோதல்கள், எண்ணிக்கையில்.
கட்டம் சின்னது. இரண்டு இலக்கம்தான் கொள்ளும்.
வெள்ளிக்குள் பேராயர் அலுவலகம் போயாக வேண்டும்,
அங்கிருந்து கடல் தாண்டி,
ஞாயிறு காணிக்கைப் பையில்
நாணயம் போட்டவர்களுக்கு.

நான் எஸ்போன். திருமண்டலத்தின் ஆழ்துளைக் கிணற்று எழுத்தன்.
மொரு ஆள். மாடு இல்லாத இனம் என்று
இரண்டு பக்கமும் என்னைப் பார்த்துச் சிரிக்கும்.
அந்தச் சிரிப்பில் மட்டும்
அவர்களுக்குள் சண்டை வந்ததில்லை.

பம்பு நிற்பது நடுவில்.
இந்தப் பக்கம் டிங்கா கிடை, அந்தப் பக்கம் நூயர் கிடை.
இரும்பில் வார்த்த எழுத்தில் 'இந்தியா' என்று இருக்கிறது.
அது எந்தக் குலத்தின் ஊர் என்று ஒரு பையன் கேட்டான்.
மாடு நிறைய உள்ள ஊர் என்றேன்.
அப்படியானால் அங்கேயும் சண்டைதான் என்றான்.

குழாய் இறங்கிய அன்று போதகர் மாபியோர் ஒரு காரியம் செய்தார்.
ஜெபம் நீளம், அதை விடுங்கள்.
முடிந்ததும் ஸ்பானரை எடுத்து அலுவேலிடம் கொடுத்தார்,
வாஷர் பொட்டலத்தை ஞாகாயிடம்.
பழுதானால்
ஒருத்தி இன்னொருத்தியைத் தேடிப் போகாமல்
சொட்டுத் தண்ணீர் வராது.
திட்ட வரைவில் இதற்கு நான்கு பக்க விளக்கம் உண்டு.
அலுவேல் ஒரே வரியில் முடித்தாள்:
"பாதிரிக்குத் திருட்டுப் புத்தி."

பிப்ரவரியில் மாடுகளை ஓட்டிப் போனார்கள்.
யார் என்பது
நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.
நூற்றுப் பதினாறு மாடு. இரண்டு சடலம்.
மூன்றாமவன் கிடைக்கவில்லை.
அவன் அலுவேலின் தம்பி, மஜியேர்.
அவன் பாட்டுக் கட்டி வளர்த்த வெள்ளைக் காளை
போகும்போது திரும்பிப் பார்த்ததாம்.

மார்ச்சில் பம்பு இருமியது.
கைப்பிடி காற்றை இழுத்தது,
பிறகு அதையும் இழுக்கவில்லை.
இரண்டு நாள் சதுப்பில் மொண்டு குடித்தார்கள்.
மூன்றாம் நாள் பிள்ளைகளுக்கு வயிறு போயிற்று.
நான்காம் நாள்
அலுவேல் ஸ்பானரைத் துணியில் சுற்றித் தலையில் வைத்தாள்.
"எஸ்போன், நீ வராதே.
கூட ஓர் ஆண் வந்தால் அது படை."

நான் போகவில்லை.
அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது.
படிவம் கேட்கிறது: உரையாடலின் சாரம்.

மாலையில் கோரை விலகியது.
இருவர் வந்தார்கள், முன்னும் பின்னுமாக,
நடுவே ஒரு மாடு நிற்கும் தூரம்.
ஞாகாயின் மகனும் அந்த ஓட்டத்தில் இருந்தான் என்று பேச்சு.
இருந்தானோ என்னவோ.
அவளுடைய வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது.
போகவிடாமல் யாரோ பிடித்த பிடி.

பதினொரு குழாய்.
ஒன்றொன்றாக உருவினார்கள்.
ஒற்றைக் கையால் அவள் தாங்க, இவள் மறை கழற்றினாள்.
ஒரே ஒரு தரம் குழாய் வழுக்கியது.
இருவரும் சேர்ந்து கத்தினார்கள், அவரவர் மொழியில்.
மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள்,
இது திருச்சபைக்குப் போகிற காகிதம்.

பழைய வாஷர் வெங்காயத் தோலாய்த் தேய்ந்திருந்தது.
புதியதை ஞாகாய் எச்சில் தொட்டு உட்கார வைத்தாள்.

தண்ணீர் வந்தது. கூட்டம் கிட்டே வரவில்லை.
நஞ்சு என்று யாரோ சொல்லிவைத்திருந்தார்கள்.
ஞாகாய் முதலில் குடித்தாள்.
அலுவேல் அவள் தொண்டையையே பார்த்திருந்தாள்.
தம்பி எங்கே என்று கேட்க
அதைவிட நல்ல நேரம் வாய்க்காது.
கேட்கவில்லை.
குவளையை வாங்கி
விளிம்பைத் திருப்பி வைத்துக் குடித்தாள்.

அவ்வளவுதான்.
மாடு திரும்பவில்லை. மஜியேர் திரும்பவில்லை.

ஏழில் ஒன்று என்று போடு, பாவமில்லை என்கிறார் போதகர்.
பூஜ்யம் போட்டால் அடுத்த வருடம் வாஷர் வராது.
பேனா கட்டத்தின் மேலேயே நிற்கிறது, மை ஊறி ஒரு புள்ளி.
பக்கத்தைத் திருப்பி
'செலவான பொருட்கள்' என்பதன் கீழ் எழுதினேன்:
வாஷர், ரப்பர், ஒன்று.
கையிருப்பு ஐந்து.
எல்லாம் ஞாகாயிடம்.